வளையத்துக்குக் கீழே நாலு வருஷம்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பந்து இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்து, கடைத்தெருவுச் சீனப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து. யாரும் உட்கார்ந்து பங்கு போட்டுக் கொடுக்கவில்லை. தரைதான் பிரித்தது.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-இல் முடிந்த பிறகுதான் குளுவாங் ஊராக எழுந்தது. ரயிலோடு ரப்பர் வந்தது, ரப்பரோடு தமிழர் வந்தனர். மெங்கிபோல், லம்பாக், நியோர் என்று இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் மிஞ்சி நிற்பவை அந்தத் தோட்டங்கள்தாம். லயத்துக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது. புல்லை வெட்டி இரண்டு பக்கமும் மரத்தூண் நட்டால் காற்பந்து ஆடலாம். கூடைப்பந்துக்கு அது போதாது. செம்மண் தரையில், அதுவும் ஒரு மழைக்குப் பிறகு, பந்து கைக்குத் திரும்பி எழும்பாது. அதற்குச் சிமெண்டுத் தரை வேண்டும், பலகை வேண்டும், இரும்பு வளையம் வேண்டும். மொத்தத்தில் பணம் போட ஓர் அமைப்பு வேண்டும். ஊருக்குள் சோங் ஹுவா போன்ற சீனப் பள்ளிகளுக்கு வணிகர்களின் நிர்வாக வாரியமும் சங்கங்களும் பின்னால் நின்றன. தோட்டத்துப் பள்ளிக்குப் பின்னால் நின்றது தோட்ட நிர்வாகம். அதற்கு விளையாட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதுபோக்கு, அவ்வளவே.

ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், சென்னையில், இதே தமிழர்கள் இந்திய அணிக்குத் தலைமை தாங்கும் அளவுக்குக் கூடைப்பந்தில் வளர்ந்தார்கள். உயரமும் உடல்வாகும் இரண்டு கரையிலும் ஒன்றுதான். பதினேழு வயதுக்குப் பிறகு பிள்ளை எங்கே போனான், யார் அவனை மைதானத்தில் நிறுத்திவைத்தார்கள் என்பதில்தான் கதை பிரிகிறது.

ஆட்டம் பிறந்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 1891 டிசம்பரில். பனிக்காலத்தில் வெளியே போக வழியில்லாமல் முரண்டு பிடித்த மாணவர்களை ஏதாவது ஒன்றில் இழுத்துப்போட, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 13 விதிகளை எழுதி, மாடிக் கைப்பிடியில் இரண்டு பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். கூடையின் அடியில் ஓட்டை கிடையாது, பந்து விழுந்தால் ஒருவர் ஏறி எடுத்துத் தர வேண்டும். அந்தப் பள்ளி ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளி என்பதால் ஆட்டம் கப்பல் ஏற நாள் ஆகவில்லை. 1895-இல் சீனாவின் தியன்ஜினில் இறங்கிவிட்டது. பிறகு சீனப் பள்ளிகளின் உடற்பயிற்சிப் பாடத்தோடு சேர்ந்து தென்கிழக்காசியாவின் சீனர் ஊர்களுக்கும் பரவியது.

சென்னைக்கு அதைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் ஹாரி குரோ பக். நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் நந்தனத்து மரங்களுக்கு நடுவே பரந்து நின்ற கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்தியக் குழுவோடு பக்கும் போனார். 1943-இல் இறக்கும்வரை சென்னையைவிட்டு அவர் நிரந்தரமாகப் போகவில்லை. அவர் செய்த பெரிய காரியம் வீரர்களை உருவாக்கியதல்ல. பி.டி. மாஸ்டர்களை உருவாக்கியது. அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் தென்னிந்தியப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விசிலும் விதிப்புத்தகமுமாகக் கிளம்பினார்கள். ஒரு கல்லூரியில் நிரந்தரமாக ஒரு பி.டி. மாஸ்டர் உட்கார்ந்துவிட்டால், அங்கே வரும் ஒவ்வொரு பையனும் சிபாரிசு இல்லாமலே நாலு வருஷம் ஒரே கண்ணின் கீழ் வளர்கிறான்.

அந்த நாலு வருஷம் என்ன செய்யும் என்பதற்கு ஆட்டம் பிறந்த நாட்டிலேயே நல்ல சாட்சிகள் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவனைப் பிரதான அணியில் ஆடவிடாத விதி 1972 வரை இருந்தது. முதல் வருஷம் படிக்க, பழக, உடம்பை ஏற்ற. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறியப்பட்ட லூ அல்சிண்டரே 1965-இல் முதலாண்டு மாணவர் அணியில்தான் ஆட வேண்டியிருந்தது. அந்தக் கத்துக்குட்டி அணி தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பிரதான அணியைத் தோற்கடித்தது வேறு கதை. இரண்டாண்டு கழித்து, பந்தை வளையத்துக்குள் அறைந்து போடுவதையே கல்லூரி ஆட்டத்தில் தடைசெய்தார்கள். அவரை மனத்தில் வைத்துத்தான் அந்தத் தடை என்று அப்போதே பேச்சு. அவர் ஒரு கையை உயர்த்தி, தலைக்கு மேலாக வளைத்துப் போடும் ஹூக் ஷாட்டைத் தீட்டிக்கொண்டார். அவருடைய தொழில்வாழ்க்கை முழுவதையும் சுமந்தது அந்த ஒரு ஷாட்.

டேவிட் ராபின்சன் பள்ளியில் ஒரே ஒரு வருஷம் கூடைப்பந்து ஆடியவர். 1983-இல் கடற்படை அகாடமியில் சேர்ந்தபோது ஆறடி ஏழங்குலத்தை ஒட்டிய உயரம். முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 7.6 புள்ளிகள். அடுத்த ஆண்டு 23.6. படித்து முடிக்கையில் உயரம் ஏழடியைத் தாண்டியிருந்தது. உடம்பு வளர்ந்தது ஒரு பாதி. வளர்ந்த உடம்பை எங்கே நிறுத்துவது, எந்தக் காலை ஊன்றித் திரும்புவது என்று கற்றது இன்னொரு பாதி.

டிம் டன்கன் கதை தமிழருக்கு இன்னும் பக்கத்தில் வரும். கரீபியத் தீவு ஒன்றில் நீச்சல் வீரனாக வளர்ந்த பையன் அவர். 1989-இல் ஹியூகோ புயல் தீவின் நீச்சல்குளத்தை உடைத்துப்போட்டதால் கூடைப்பந்துக்கு வந்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் தன் முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு சராசரி 9.8, 16.8, 19.1, 20.8 என்று ஏறியது. நடுவிலேயே தொழில்முறை அணிகள் கைநீட்டியும், பட்டம் வாங்குவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக நாலு வருஷமும் இருந்தார். 1997-இல் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் ஆள்தேர்வில் அவரைத்தான் முதல் ஆளாக எடுத்தார்கள்.

இந்த எண்களில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பெரிய பாய்ச்சல் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் நடுவில் நடக்கிறது. அதன் பிறகு ஏற்றம் மெதுவாகிறது, ஆனால் ஆட்டத்தின் குணம் மாறுகிறது. முதலாண்டுப் பையன் பந்து கைக்கு வந்ததும் தரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே ஓடுவான். வலது கைக்காரன் என்றால் இடது பக்கம் திறந்து கிடந்தாலும் வலது பக்கமே போவான். எதிராளி அதை இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். இரண்டாமாண்டில் தலை நிமிர்கிறது. இடது கை லே-அப் விழத் தொடங்குகிறது. மூன்றாமாண்டில் பந்து இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்பது புரிகிறது. கடைசி வருஷத்தில் அவன் பேச ஆரம்பிக்கிறான். "இடது பக்கம் ஆள்", "நான் பார்த்துக்கிறேன்" என்று சக ஆட்டக்காரனுக்குக் குரல் கொடுக்கிறான். பயிற்றுநர்கள் காத்திருப்பது அந்தக் குரலுக்குத்தான். புள்ளிப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

சென்னை இந்த நாலு வருஷத்தைத் தன் பாணியில் கட்டியது. இந்தியாவின் முதல் தேசியப் போட்டி 1934-இல் டெல்லியில் நடந்தது, இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் உருவானது. ஆனால் ஆட்டக்காரனை உருவாக்கியவை அந்தப் பெரிய பெயர்கள் அல்ல. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்ற படிக்கட்டும், 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்ற இரண்டு வார்த்தைகளும்தாம். லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் நினைவுப் போட்டியில் நன்றாக ஆடிய பள்ளிப் பையனைத் தேடிக் கல்லூரிகள் வந்தன. பிற்காலத்தில் எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான், ஜேப்பியார் போன்ற தனியார் கல்வி நிறுவனங்களும் போட்டி போட்டு ஆள் எடுத்தன. கட்டணம் தள்ளுபடி, விடுதி, மெஸ் சாப்பாடு. கிராமத்திலிருந்து வந்த ஆறேகால் அடிப் பையனுக்கு மூன்று வேளையும் வயிறார முட்டையும் பாலும் கிடைத்ததே பயிற்சியில் பாதி என்று சொன்னால் மிகையில்லை. காலை ஐந்தரைக்கு ஓட்டம், வகுப்பு, மாலை நாலரைக்குக் கோர்ட். கோட்டாவில் சேர்ந்தவன் வகுப்புக்கு எத்தனை நாள் போனான் என்று கேட்காமல் விடுவது நாகரிகம்.

கல்லூரிக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கும் சென்னையில் பதில் இருந்தது. தென்னக ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, வருமானவரித் துறை, வங்கிகள். ஆட்டத்துக்காகவே வேலை. காலையில் கையெழுத்து, மாலையில் பயிற்சி, போட்டிக் காலத்தில் விடுப்பு. தொழில்முறை லீக் இல்லாத நாட்டில் ஒருவர் முப்பது வயதைத் தாண்டியும் ஆட முடிந்தது இந்த அலுவலக வேலைகளால்தான். ஓய்வூதியத்தோடு வரும் வேலை என்றதும் வீட்டில் அப்பாவும் வாயடைத்துப்போனார். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கிய பல குடும்பங்களைக் கரைத்தது தங்கப் பதக்கத்தைவிட அந்த நியமனக் கடிதம்.

அனிதா பால்துரை அந்த ஏணியில் ஏறியவர். சென்னைக்காரர். 2000 முதல் 2017 வரை பதினெட்டு வருஷம் இந்திய அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதில், கல்லூரிப் பருவத்திலேயே, இந்திய அணியின் தலைவியானார். இந்தப் பதவியை அவ்வளவு இளம் வயதில் யாரும் பெற்றதில்லை. தென்னக ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கங்கள் சேர்த்தார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பதினெட்டு வருஷம் ஒரே மட்டத்தில் ஆட முடியாது. இளம் வயதில் ஓட்டத்தால் ஆடியவர் பிற்பாடு கணிப்பால் ஆடுகிறார். அப்படி மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்தது மாதச் சம்பளம்.

கோட்டயத்து கீத்து அன்னா ஜோஸ் இன்னொரு உதாரணம். சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரி, அங்கிருந்து சென்னைத் தென்னக ரயில்வே, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணி, பிறகு 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாம்கள். அங்கே ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு ரயில்வே ஊழியர் அந்த வாசல்வரை போனார் என்பதே அந்தக் கால இந்தியாவில் நினைத்துப்பார்க்க முடியாத தூரம்.

மலேசியத் தமிழருக்கு இந்தக் கதையில் எதிர்பாராத ஒரு சொந்தம் உண்டு. சென்னைக் கூடைப்பந்தின் பெரிய பெயர்களில் ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி. அந்த வங்கியை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். அடுத்து வந்தது பினாங்குக் கிளை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் சேர்த்த வணிகத்தைச் சுற்றி எழுந்த வங்கி அது. அதன் மலேசியக் கிளைகள் 1973-இல் வேறு இரண்டு இந்திய வங்கிகளின் கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. ஆக, ரப்பர்க் காலத்து மலாயாப் பணத்தின் ஒரு நூல் எங்கோ சுற்றி, சென்னையில் கூடைப்பந்து ஆடியவர்களின் சம்பளப் பட்டியலில் வந்து முடிந்தது. ரப்பர் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வளையமும் வந்து சேரவில்லை என்பது வரலாற்றின் குசும்பு.

கல்லூரி வருஷங்களைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாபின் சத்னாம் சிங் நினைவுக்கு வருகிறார். ஏழடியைத் தாண்டிய அவர் பதினாலு வயதில் அமெரிக்காவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015-இல் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. என்.பி.ஏ.யில் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது. ஆனால் கல்லூரி ஆட்டத்தின் ஒரு பருவத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல், கீழ்நிலை லீகில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பினார். அவருக்கு இரண்டு வருஷக் கல்லூரி ஆட்டம் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மலேசியக் கூடைப்பந்துக்குச் சொந்தமான பெருமைகள் குறைவில்லை. மலேசிய அமெச்சூர் கூடைப்பந்துச் சங்கம் 1958-இல் பிறந்தது. 1965-இல் ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் கோலாலம்பூரில் நடந்தது. இந்திய ஆண்கள் அணி அந்தச் சாம்பியன்ஷிப்பில் முதன்முதலாக ஆடியதே அங்கேதான். தென்கிழக்காசியப் போட்டிகளில் பிலிப்பீன்ஸின் கோட்டையை உடைத்து மலேசிய ஆண்கள் 1979-இல் ஜகார்த்தாவிலும் 1989-இல் சொந்த மண்ணிலும் தங்கம் வென்றார்கள். 2009-இல் ஆசியான் லீக் தொடங்கியபோது கே.எல். டிராகன்ஸ் அணியும் பிறந்தது. 2016-இல் அது சிங்கப்பூர் அணியை வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த அணியின் சட்டையை வெவ்வேறு பருவங்களில் அணிந்தவர்களில் சத்தியசீலன் குப்புசாமியும் குகனேஸ்வரன் பத்துமலையும் உண்டு. இருவரும் நாட்டுக்காகவும் ஆடியவர்கள். தமிழனுக்குக் கூடைப்பந்து வராது என்று யாராவது குளுவாங் காப்பிக் கடையில் சொன்னால் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் போதும்.

ஆனால் இரண்டு பெயர் ஒரு பரம்பரை ஆகாது. மாவட்ட, மாநில, தேசியப் பள்ளிப் போட்டிகளின் ஏணி பதினெட்டு வயதோடு முடிகிறது. மாநிலங்களுக்கு இடையிலான சுக்மா விளையாட்டுப் போட்டி இருபத்தொரு வயதுவரை கொஞ்சம் நீட்டிக்கிறது. அதற்குப் பிறகு சீனப் பையனுக்கு ஊர்ச் சங்கம் இருக்கிறது, பழைய மாணவர் அணி இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு விளக்குப் போட்ட கோர்ட் இருக்கிறது. தமிழ்ப் பையனுக்கு எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுமாதம் ஜொகூர் பாருவோ சிங்கப்பூரோ வேலை இருக்கிறது. டன்கனுக்கும் ராபின்சனுக்கும் பாய்ச்சல் நடந்த அதே பத்தொன்பது வயதில் இவன் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். எஸ்டேட் ஆட்டத்தில் ஊரே பேசிய எத்தனையோ பேர் அந்த வயதில்தான் நின்றுபோனார்கள். திறமை குறைந்து நின்றவர்கள் குறைவு.

பெண்பிள்ளைகளின் நிலை கொஞ்சம் வேறு. பள்ளியில் அவர்களுக்கு வலைப்பந்து உண்டு, அதுவும் நெய்ஸ்மித்தின் ஆட்டத்திலிருந்து பிரிந்த கிளைதான். யாழ்ப்பாணத்து வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குல உயரத்தோடு, பல்கலைக்கழகக் காலத்துக்குப் பிறகே பெரிய அரங்குக்கு வந்து, இலங்கைக்கு 2009-லும் 2018-லும் ஆசியப் பட்டம் வாங்கித் தந்தார். தாமதமாகத் தொடங்கியவருக்கும் வாசல் திறக்கும், யாராவது கதவுப் பக்கம் நின்றால்.

குளுவாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் இந்த இடைவெளியை நிரப்புவதை ஒரு பெரிய திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரியவர்களின் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் மினி கூடைப்பந்துக்கு 2.60 மீட்டர் போதும், பந்தும் சிறியது, ஐந்தாம் எண். சபை கூடும் சிமெண்டுத் தரையின் ஓரத்தில் ஒரு கம்பம் நட இடமில்லாத பள்ளி இருக்காது. பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பள்ளி அணித் தேர்வுக்குப் போகச் சொல்லுங்கள். பதினேழில் கல்லூரி தேடும்போது கட்டணத்தைக் கேட்ட அதே வாயால், அங்கே கூடைப்பந்து அணி இருக்கிறதா, விளையாட்டு உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள்.